குதிரையில் மூன்றில் ஒரு பங்கு

பதினோரு மணி நாலு நிமிடத்துக்கு அந்தத் தண்ணீர் கொதித்தது. கொதித்திருக்கவே கூடாது.

பரிசோதகி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெப்பமானி நூறு என்றது. மேசை மேல் அலுமினியப் பாத்திரம். அதற்குள் அரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று குதித்துக்கொண்டிருந்தது. கீழே நெருப்பு இல்லை. ஒயர் இல்லை. காஸ் இல்லை, கரி இல்லை. ஜன்னலுக்கு வெளியே மேகம் மூடியிருந்ததால் வெயில்கூட இல்லை. இருந்ததெல்லாம் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, அந்தக் கைப்பிடியை நின்றுகொண்டே சுற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். அவ்வளவுதான்.

"போதுமா கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் சுத்தட்டுமா?" என்றாள் அந்த அம்மாள். நாற்பது வயது இருக்கும். கேட்ட தோரணை, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பது போல இருந்தது.

"பதிமூணரை நிமிஷம்" என்றார் ஸ்டோர்கீப்பர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "பதினஞ்சுக்குள்ள கொதிச்சா பாஸ். மேடம், கொதிச்சிடுச்சு!"

அந்த அடுப்புப் பரிசோதனைக் கூடத்தில் அவர் இப்படிச் சந்தோஷப்பட்டு ஒரு வருஷம் ஆகிறது. பரிசோதகி சந்தோஷப்படவில்லை. போன வருஷம் ஒரு அடுப்பு இதே மேசையில் இதே மாதிரி அற்புதமாகக் கொதித்தது. கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அடியில் நீற்றாத சுண்ணாம்பை ஒளித்துவைத்துத் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கியிருந்தார்கள் என்று. அன்றிலிருந்து முப்பத்தோரு அடுப்புகளை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். முதுகுக்குப் பின்னால் அவளைச் 'சிவப்பு மை' என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

பெட்டியைச் செய்தவர் சுவரோரமாக நின்றிருந்தார். அந்த அம்மாளின் கணவர். கடைசல் பட்டறைக்காரர், ஒல்லி, விரல் நகங்களில் கழுவினாலும் போகாத கிரீஸ். நாலு வருஷமாக வேறு வேலையில் மனசு ஒட்டாமல் இதையே செதுக்கிக்கொண்டிருந்தவர்.

"மேடம், அஞ்சு மணிக்குள்ள சான்றிதழ் கிடைச்சிடுமில்ல?" என்றார். "மீட்புப் படைக்காரங்க வாங்கற சாமான் பட்டியலை இன்னிக்கு அஞ்சோட மூடறாங்க. அதுல வரலைன்னா அப்புறம் மூணு வருஷம் கழிச்சுதான்."

வெள்ளத்தில் படகோடு மாட்டிக்கொள்ளும் மீட்புப் படையினருக்கு, நனைந்தாலும் அணையாத ஓர் அடுப்பு வேண்டும். நெருப்பே இல்லாத அடுப்பு அணையாது. அதுதான் அவருடைய கணக்கு. கணக்கு சரி. கொதித்ததுதான் எப்படி?

"பாக்கலாம்" என்றாள் பரிசோதகி. "முதல்ல பெட்டியைத் திறங்க."

* * *

நாலு திருகாணிகள். மூடி கழன்றது.

உள்ளே பார்த்ததும் அவள் ஒரு கணம் தன் சந்தேகத்தை மறந்துபோனாள். பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வி நின்றன. ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவி, பாலிஷ் போட்டிருந்தார் மனிதர். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உச்சியில் இருந்த தட்டு முப்பது சுற்று சுற்றும். தட்டின் மேல் வட்டமாகப் பதினாறு காந்தங்கள். அதற்கு மேல் மெல்லிய மூடி, அதன் மேல் பாத்திரம். தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே நூலிழை இடைவெளி.

"தொடவே இல்லையே?" என்றார் ஸ்டோர்கீப்பர், எட்டிப் பார்த்து. "உரசினா சூடு வரும், அது எனக்கே தெரியும். தொடாம எப்படிய்யா சுடும்?"

கடைசல்காரர் முகம் மலர்ந்தது. "காந்தம் வேகமா ஓடறப்ப மேல இருக்கற உலோகத்துக்குள்ள மின்சாரம் சுழி சுழியா கிளம்புதுண்ணே. ஆத்துல சுழி வருமில்ல, அந்த மாதிரி. வெளிய போக வழி கிடையாது. அங்கேயே சுத்தி அங்கேயே சூடாகிச் செத்துப்போயிடும். பாத்திரத்தோட அடிதான் அடுப்பு."

"அந்தச் சூடு எங்கேர்ந்து வருது?" பரிசோதகிக்குப் பதில் தெரியும். அவருக்குத் தெரிகிறதா என்று பார்த்தாள்.

"கையிலேர்ந்துதான். பாத்திரம் வைக்காம சுத்திப் பாருங்க, காத்தாடி மாதிரி ஓடும். பாத்திரம் வச்சதும் கனக்கும், பாகு கிண்டற மாதிரி. கைக்கு எவ்வளவு கனமோ பாத்திரத்துக்கு அவ்வளவு சூடு. இதுல ஏமாத்த முடியாது மேடம். ஏமாத்தினா கை சொல்லிடும்."

நன்றாகச் சொன்னார். போன வருஷத்து ஆளும் நன்றாகத்தான் சொன்னான்.

பெட்டியைத் தராசில் வைத்தாள். காலையில் எடுத்த எடைதான், ஒரு கிராம் மாறவில்லை. எதுவும் எரிந்து தீரவில்லை என்று அர்த்தம். பாட்டரி? தட்டித் தட்டிப் பார்த்தாள். இல்லை. அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கூடத்துப் பாத்திரத்தில் கூடத்துத் தண்ணீரை ஊற்றினாள். இருபத்தெட்டு டிகிரி.

"இப்ப நான் சுத்தறேன்."

படிவத்தில் அப்படித்தான் இருந்தது. இயக்குபவர்: ஒருவர், சராசரி உடல் வலிமை. அவளைவிடச் சராசரியான ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

முதல் நிமிடம் சுகமாகத்தான் போனது. மூன்றாவது நிமிடம் தோள்பட்டை யாருடையதோ மாதிரி ஆயிற்று. ஏழாவது நிமிடம் ஸ்டோர்கீப்பர் ஜன்னலைத் திறந்துவிட்டார். பதினைந்தாவது நிமிடம் கைப்பிடியை விட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐம்பத்து மூன்று டிகிரி.

குளிக்கலாம். சமைக்க முடியாது.

"நகருங்க மேடம், நம்ம உடம்பு ஸ்டோர்ல மூட்டை தூக்கின உடம்பு" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார் ஸ்டோர்கீப்பர். ஆறு நிமிடம். அதற்குப் பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்து, "மூட்டை வேற, இது வேற" என்றார்.

பரிசோதகியின் மூளைக்குள் சைரன் அடித்தது. அந்த அம்மாள் சுற்றினால் கொதிக்கிறது. மற்றவர்கள் சுற்றினால் கொதிக்கவில்லை. அப்படியென்றால் சூடு கைப்பிடியிலிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்தோ வருகிறது. அந்த அம்மாளிடம் ஏதோ இருக்கிறது.

"கொஞ்சம் என்கூட வாங்க" என்றாள், குரலில் பனிக்கட்டியைத் தடவிக்கொண்டு.

* * *

பக்கத்து அறை. கதவு தாழ். மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள், கழற்றினாள். கடிகாரம், கழற்றினாள். கூடத்து வெள்ளைக் கோட்டை மாட்டச் சொன்னாள். தோளில் இறுகிக்கொண்டு பட்டன் போட மறுத்தது. பெரிய அளவு கொண்டுவர வேண்டியிருந்தது. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். பரிசோதகி கவனித்தது பைகளை மட்டும்.

"என்ன தேடறீங்க கண்ணு?" என்றாள் அந்த அம்மாள். கோபமில்லை. வேடிக்கை பார்க்கிற குரல்.

"எனக்கே தெரியலை. சுத்துங்க."

புது அறை, புது மேசை, புதுப் பாத்திரம், அடைத்த கதவு. அந்த அம்மாள் கால்களை அகட்டி நின்று, இடுப்பிலிருந்து சாய்ந்து எழுந்து சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே பேசினாள். மாமியார் முழங்காலுக்கு எந்தத் தைலம் நல்லது, பெரியவள் கணக்கில் ஏன் முட்டை வாங்குகிறாள், இந்தக் கட்டடத்துக்கு யார் இப்படி வாந்தி நிறத்தில் பெயின்ட் அடித்தது. மூச்சு வாங்கவில்லை. நடுவில் ஒரு கையை எடுத்து மூக்கைச் சொறிந்துகொண்டாள். தட்டின் ரீங்காரம் ஒரே சுருதியில் நின்றது.

அறுபது. எழுபது. எண்பத்தைந்து.

பதிமூன்று நிமிடம் நாற்பது விநாடியில் பாத்திரத்தின் மூடி படபடத்தது.

பரிசோதகி வெப்பமானியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். ஏமாற்று என்றால் இப்படி ஓர் ஏமாற்றை அவள் கண்டதே இல்லை. இல்லை என்றால்...

அலமாரியைத் திறந்தாள். மோட்டார்களைச் சோதிக்க வைத்திருந்த விசைமானி அங்கே இருந்தது. அச்சுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் பொருத்தினால், எவ்வளவு வலு உள்ளே போகிறது என்று சொல்லிவிடும். பொருத்தினாள். முதலில் தான் சுற்றினாள். தொண்ணூறு வாட். ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டுச் சுற்றச் சொன்னாள். நூற்றைந்து, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

"இப்ப நீங்க."

முள் நூறைத் தாண்டியது. நூற்றைம்பதைத் தாண்டியது. இருநூற்றைம்பதில் போய் நின்றது. நின்றது என்றால், ஆணி அடித்த மாதிரி நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

"ஒரு குதிரை எழுநூத்தம்பதுனு வைங்க" என்றாள் பரிசோதகி மெதுவாக. "மூணுல ஒரு பங்கு. மூணுல ஒரு பங்கு குதிரை என் முன்னால நின்னு மூக்கைச் சொறியுது."

"அம்மா" என்றார் ஸ்டோர்கீப்பர் பயபக்தியோடு, "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. படிவத்தில் அதற்கு இடமே இல்லை. பெட்டியைப் பற்றி நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. சுற்றுகிறவரைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

"ஆத்துல படகு விடறேன். அக்கரைக்கும் இக்கரைக்கும் கயிறு கட்டியிருக்கும். படகுல ஒரு உருளை இருக்கு. அதைக் கையால சுத்தினா கயிறு இழுக்கும், படகு நகரும். ஆளுங்க, சைக்கிள், ஆடு, ஒரு தடவை பீரோகூட. நாளைக்கு முப்பது நடை. பத்தொன்பது வருஷமாச்சு. உருளைக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி. எதிர்ப்பக்கம் என் நாத்தனார் சுத்துவா. அவ ஆறு வருஷம் முன்னாடி வெளியூர் போயிட்டா. இப்ப ரெண்டு பேர் வேலையும் நான்தான்."

பரிசோதகி நாற்காலியில் உட்கார்ந்தாள். சுண்ணாம்பு இல்லை. பாட்டரி இல்லை. ஒளித்துவைத்தது எதுவுமே இல்லை. உள்ளே போன வலுவில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீருக்குள் சூடாக வந்து சேர்ந்திருந்தது. கையால் சுற்றும் பெட்டிக்கு இது அபாரம். அசைவைச் சமையலாக்க முடியுமா என்று கேட்டால், முடியும். இதோ கொதிக்கிறது. ஒரே ஒரு சிக்கல்தான். அதற்கு இந்த அம்மாள் வேண்டும்.

* * *

கடைசல்காரரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

"கனமா? லேசாத்தான மேடம் இருக்கும்?"

"நீங்க சுத்தியிருக்கீங்களா?"

கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"நாலு வருஷத்துல ஒரு தடவையாவது?"

"அவ சுத்துவா. நான் வெப்பமானியைப் பாப்பேன். சாயங்காலம் படகைக் கட்டிட்டு வந்து, பேசிக்கிட்டே சுத்திக் குடுப்பா. கொதிக்கலைன்னா பல்லை மாத்துவேன், காந்தத்தை மாத்துவேன். அவ முகத்துல ஒரு வேர்வை கிடையாது மேடம். லேசுன்னுதான நெனைப்பேன்?"

"சுத்துங்க" என்றாள் பரிசோதகி.

சுற்றினார். பதினைந்து நிமிடம் பல்லைக் கடித்துச் சுற்றினார். ஐம்பத்தாறு டிகிரி. கைப்பிடியை விட்டதும் விரல்களை மடக்க முடியவில்லை. அந்த விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார், ஏதோ பெரிய கப்பல் ஒன்று தன் வீட்டுக் கொல்லையில் இத்தனை வருஷமாக நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தவர் போல.

"ஏன்டி சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? நீங்க கேக்கலையே. எனக்குக் கனமா இருந்தாத்தான சொல்லுவேன்?"

ஸ்டோர்கீப்பர் சிரிக்க ஆரம்பித்து, பரிசோதகியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மணி ஒன்றரை. பரிசோதகி பேனாவை எடுத்தாள். சராசரி ஆள் ஒருவர் சுற்றினால் கொதிக்கவில்லை. விதி விதிதான். மீட்புப் படைக்காரர்கள் வெள்ளத்துக்கு நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரில் பச்சரிசியை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி கண்ணில் வந்தது. பொய்ச் சான்றிதழ் அவர்களைப் பட்டினி போடும்.

ஆனால் பேனா தாளில் படவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் இந்த அம்மாளைத் திருடியாக நினைத்து மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். இன்னும் ஒரு தவறு செய்ய அவளுக்கு மனசில்லை.

"இதுல திருத்தறதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு" என்றாள். "விண்ணப்பதாரர் இன்னிக்குள்ள ஒரே ஒரு தடவை வடிவமைப்பை மாத்தலாம். ஒரே தடவை. மறுபடி தோத்தா அவ்வளவுதான்."

கடைசல்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். "மூணு மணி நேரத்துல பல்சக்கரத்தை மாத்த முடியாது. லேசாக்கினா சூடு குறையும். கனத்தைக் கூட்டாம சூட்டைக் கூட்ட முடியாது மேடம். அதுதான இதோட ஒரே சட்டம்."

"என்னங்க" என்றாள் மனைவி, கோட்டைக் கழற்றிக்கொண்டே. "அதான் சொன்னேனே, எங்க உருளைக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி. நாத்தனாரும் நானும் சேர்ந்து சுத்தறப்ப பாட்டுப் பாடிக்கிட்டே போவோம். புதுசா வந்தவங்க சுத்தினா நாலு பேரை வச்சு மாத்தி மாத்தி விடுவோம். ரெண்டு பேர் சுத்தணும், ரெண்டு பேர் நிக்கணும். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். யாரும் களைக்க மாட்டாங்க. மீட்புப் படகுல எத்தனை பேர் உக்காருவாங்க?"

பரிசோதகி மீட்புப் படையின் கடிதத்தைப் புரட்டினாள்.

"ஆறு பேர்."

"அப்புறமென்ன? வெள்ளத்துல தனியா உக்காந்து யாரு சமைக்கப் போறா?"

 கடைசல்காரர் எழுந்து ஓடினார்.

* * *

ஸ்டோரில் இருந்து இரும்புத் தண்டு வந்தது. கூடத்துப் பின்பக்கப் பட்டறையில் ஒரு பழைய கடைசல் இயந்திரம் தூசி படிந்து கிடந்தது. கடைசல்காரர் அதை ஒரு துணியால் துடைத்து, ஒரு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்டார். பிறகு தண்டைப் பூட்டினார். உலோகச் சுருள்கள் ரிப்பன் ரிப்பனாக உரிந்து காலடியில் விழுந்தன. பரிசோதகி கதவருகே நின்று பார்த்தாள். அளவுகோலைத் தொட்டாரா என்றே தெரியவில்லை. கட்டை விரலால் தடவிப் பார்த்தே மயிரிழைக்கு நிறுத்தினார். மூன்றே முக்காலுக்குப் பெட்டியின் மறுபக்கத்தில் இன்னொரு கைப்பிடி பொருந்தி நின்றது. கடைசல்காரர் படிவத்தில் 'ஒருவர்' என்பதை அடித்து 'நால்வர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நாலு சராசரி ஆள் வேண்டும். பரிசோதகி, ஸ்டோர்கீப்பர், கடைசல்காரர், மூன்று. குதிரைக்கு அனுமதியில்லை.

நாலு மணிக்கு அன்றைய கோப்புகளை வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்தார் இயக்குநர். தொப்பை, டை, கையில் டீ.

"முடிச்சாச்சா? வழக்கம்போலத் திருப்பி அனுப்பியாச்சா?"

"டீயைக் கீழ வைங்க சார்" என்றாள் பரிசோதகி. "டையைக் கழட்டுங்க."

"நானா? நான் இயக்குநர்ம்மா!"

"அதான் சார், வந்து இயக்குங்க" என்றார் ஸ்டோர்கீப்பர்.

நாலு மணி எட்டு நிமிடம். இருபத்தெட்டு டிகிரி. அந்த அம்மாள் மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கையைத் தட்டினாள். "சுத்து!"

முதலில் பரிசோதகியும் கடைசல்காரரும். ஒரு நிமிடம். "மாத்து!" ஸ்டோர்கீப்பரும் இயக்குநரும் பாய்ந்து பிடித்தார்கள். "மாத்து!" மூன்றாவது நிமிடம் நாற்பத்தொன்று. ஐந்தாவது நிமிடம் ஐம்பத்து நாலு. கை மாறும்போது தட்டின் ரீங்காரம் தொய்ந்தது, சூடும் அங்கேயே தயங்கியது.

"கையால சுத்தாதீங்க!" அந்த அம்மாளின் குரல் அக்கரைக்குக் கேட்கிற குரல். "கை சும்மா பிடிச்சிருந்தா போதும். காலால தள்ளுங்க, இடுப்பால தள்ளுங்க. தொப்பை சார், சாஞ்சு எழுந்திருங்க! அந்த எடையை எதுக்கு வளத்து வச்சிருக்கீங்க?"

இயக்குநர் சாய்ந்து எழுந்தார். ரீங்காரம் ஒரு சுருதி ஏறியது. அவர் முகத்திலேயே ஆச்சரியம்.

எட்டாவது நிமிடம் எழுபது. பத்தாவது நிமிடம் எண்பத்தொன்று. பதினொன்றில் ஸ்டோர்கீப்பர் கை வழுக்கிக் கைப்பிடியை விட்டுவிட்டார். தட்டு தடுமாறியது. இயக்குநர் ஒற்றை ஆளாகப் பத்து விநாடி உறுமிக்கொண்டு இழுத்துப்பிடித்தார். எண்பத்தாறு. தொண்ணூறு. பரிசோதகிக்கு எதிரே கடைசல்காரர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தார். நாலு வருஷமும் அந்தப் பாத்திரத்துக்குள் இருந்தது. இந்தத் தடவை அவர் வெப்பமானியைப் பார்க்கவே இல்லை.

தொண்ணூற்று நாலு. பதினாலு நிமிடம். தொண்ணூற்றேழு.

"மாத்தாதீங்க!" கத்தினாள் அந்த அம்மாள். "நாலு பேரும் பிடிங்க! ஒரு கைப்பிடிக்கு ரெண்டு பேர்! தள்ளு, தள்ளு, தள்ளு!"

மூடி ஒரு தரம் துள்ளியது. இன்னொரு தரம். பிறகு நிற்காமல் படபடத்தது.

பதினாலு நிமிடம் ஐம்பத்தோரு விநாடி.

இயக்குநர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்கீப்பர் அவர் பக்கத்தில் மரியாதை மறந்து படுத்தேவிட்டார். பரிசோதகி வெப்பமானியின் பதிவுத் தாளைக் கிழித்தெடுத்து, இரண்டு தடவை படித்து, கோப்பில் ஒட்டினாள். கையெழுத்து கோணல்மாணலாக வந்தது. 'தேர்ச்சி. இயக்குபவர் நால்வர். கைப்பிடியின் நீளமும் உயரமும் சராசரி ஆட்களுக்கு ஏற்ப மாற்றப்பட வேண்டும்' என்று எழுதினாள். நாலு நாற்பதுக்குக் கோப்பு மீட்புப் படைக்குப் போயிற்று.

அப்புறம் அந்த அம்மாளிடம் வந்தாள்.

"காலைல உங்களைச் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிடுங்க அக்கா."

"விடு கண்ணு. பத்தொன்பது வருஷத்துல என் கையைப் பத்தி இவ்வளவு நேரம் விசாரிச்சது நீ ஒருத்திதான்" என்று அவள் மோதிரத்தை மாட்டிக்கொண்டாள்.

கடைசல்காரர் அதற்குள் பையிலிருந்து அளவு நாடாவையும் ஒரு நோட்டையும் எடுத்திருந்தார். பரிசோதகியின் தோளிலிருந்து விரல் நுனி வரை அளந்து எழுதினார். தரையில் கிடந்த ஸ்டோர்கீப்பரின் கையைத் தூக்கி அளந்தார். இயக்குநரை எழுப்பி நிற்கவைத்து இடுப்பு உயரம் எடுத்தார். வாசலில் எட்டிப் பார்த்த காவலாளியையும் விடவில்லை.

"என்னை அளக்கலையா?" என்றாள் மனைவி.

அவர் நாடாவைச் சுருட்டியபடி அவளைப் பார்த்தார். "உன்னை அளந்துதானே இவ்வளவு நாளா தப்புப் பண்ணினேன். உன் அளவு வேற யாருக்கும் சேராது."

"பேச்சைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். "சீக்கிரம் முடிங்க. காலைல அஞ்சரைக்கு முதல் நடை. ஆளுங்க கரையில வந்து நிப்பாங்க."